புளிச்ச வாடை

ஆனந்தவள்ளியின் மூக்கைப் பற்றி மேலகரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. நாலு வீடு தள்ளிப் பால் தீய்ந்தால் இவள்தான் முதலில் குரல் கொடுப்பாள். பீடிக் கம்பெனியில் கொடுத்துவிடுகிற தூளில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று மற்ற பெண்கள் விரலால் கசக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவள் பையின் வாயை விரித்து ஒரு தடவை மோந்துவிட்டு, இது ஆகாது, மாற்றி வாங்குங்கள் என்று தள்ளி வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டு ஹைருன் பீவியின் அடுப்படியில் கேஸ் கசிந்ததைத் தெருவில் நடந்துபோகும்போதே கண்டுபிடித்துக் கதவைத் தட்டியவள் அவள். அன்றிலிருந்து ஹைருன் பீவிக்கு இவள் 'மூக்குக்காரி'. அந்தப் பெயரில் ஆனந்தவள்ளிக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த மூக்கை நம்பித்தான் அவள் பதினோரு வருஷம் தன் புருஷனைக் குடிகாரர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது பிறந்த வீட்டிலிருந்து வந்த மூக்கு. சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா அய்யாத்துரை கொத்தனார். பூச்சு வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்பார்கள். சாயங்காலம் வரைக்கும் நல்ல மனுஷர். ராத்திரி அவர் குடித்துவிட்டு வருவது ஆனந்தவள்ளிக்கு அவ்வளவாகத் தெரியாது, அதற்குள் தூங்கிப்போயிருப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மறுநாள் காலைதான். அப்பா புறவாசலில் குனிந்து உட்கார்ந்து ஓங்கரிப்பார். அம்மா எலுமிச்சம்பழத்தை உப்புப் போட்டுப் பிழிந்து கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் எழுந்து போன பிறகு அந்த இடத்தில் மண்ணைத் தூவிக் கழுவிவிடுவது மூத்த பிள்ளையான அவளுடைய வேலை. ஆகவே குடி என்றால் ஊரில் மற்றவர்களுக்கு எந்த நெடி ஞாபகத்துக்கு வருமோ, அவளுக்கு அந்தக் காலை நேரத்துப் புளிச்ச வாடைதான் வரும். அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம் அப்பா ஈரல் வீங்கிச் செத்துப்போனார். படிப்பும் அதோடு நின்றது.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது அவள் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வீடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நிலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாப்பிள்ளை வாயில் அந்த வாடை இருக்கக் கூடாது. அப்படித் தேடித்தான் முத்துச்செல்வம் வந்தார். தென்காசியில் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பீடி, வெற்றிலை, பாக்கு எதுவும் கிடையாது. வரிசை தப்பாத வெள்ளைப் பல். சிரித்தால் முகம் முழுக்க அதுதான் தெரியும். விசிலை முன்பல்லில் கவ்விக்கொண்டு, கையில் டிக்கெட் கட்டோடு கூட்டத்துக்குள் நீந்திப் போகிற ஆள். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அக்காள் தங்கத்தாய், தம்பியிடம் சொத்தென்று இருப்பது இந்தப் பல்தான், அதைப் பார்த்துச் சரியென்றால் பெண்ணைக் கொடுங்கள் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். ஆனந்தவள்ளியும் உள்ளே நின்று சிரித்தாள்.

முதல் எட்டு ஒன்பது வருஷம் அந்தச் சிரிப்புக்குக் குறைவு வரவில்லை. மகள் அபி பிறந்தாள். சீசன் காலத்தில் குற்றாலம் வழியாகப் போகிற பஸ்ஸில் மூச்சுவிட இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, ஒவ்வொரு ஊர்க்காரனும் டிக்கெட் கேட்கிற தினுசை நடித்துக் காட்டுவார். அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அப்புறம் கம்பெனியில் ரூட்டை மாற்றினார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை வழியாகப் புளியறை. கடைசி டிரிப் போய்ச் சேர்ந்தால் அங்கேயே ஹால்ட். காலையில் முதல் டிரிப்பைத் தென்காசியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பையை ஒப்படைத்துவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். அன்றைக்கு முழுக்க ஓய்வு, மறுநாள் மறுபடி டூட்டி. புளியறைச் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்கென்று இருக்கிற கடையில் நாலு புரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் பஸ்ஸின் கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவார். பகலில் பட்டினி, பத்துப் பன்னிரண்டு டீ. பஸ் தொழிலில் இருக்கிற எல்லாரும் அப்படித்தான்.

முதல் தடவை அது நடந்தபோது அபி இரண்டாம் வகுப்பு. காலையில் உள்ளே வந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வள்ளி, நெஞ்செல்லாம் ஒரே கரிப்பா இருக்கு. எலுமிச்சம்பழம் கெடந்தா உப்புப் போட்டுப் பிழிஞ்சு குடேன்" என்றார்.

அவள் அரிவாள்மணையில் பழத்தை நறுக்கும்போது அவர் பின்னால் வந்து நின்றார். ஏப்பம் விட்டார். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பிறந்த வீட்டுப் புறவாசல் அப்படியே எழுந்து வந்து அவள் அடுப்படியில் நின்றது. அதே வாடை. அதே எலுமிச்சம்பழம். கொடுத்த டம்ளரை அவர் காலி செய்யும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பார்க்கிற எல்லாம் அதற்குச் சாட்சியாகவே வந்து நின்றன. சில நாள் விடிகிற நேரத்தில் புறவாசலில் போய் ஓங்கரித்தார். படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். இதையெல்லாம் விடப் பெரிய சாட்சி ஒன்று இருந்தது. வீட்டுக்குள் ஏறுவதற்கு முன்னால் தெருக்குழாயில் நின்று பல் தேய்த்தார். சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம், உமிக்கரியும் உப்பும் சிவப்புப் பல்பொடியும் அவரே கலந்து வைத்தது. அதை விரலில் தொட்டுத் தொட்டு, ஈறு வலிக்கிற மாதிரித் தேய்ப்பார். ஊரில் எவனாவது வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் பல் தேய்ப்பானா? மறைக்கிறதற்கு ஒன்று இருந்தால்தானே தேய்க்க வேண்டும்?

கேட்டாள். அவர் முதலில் சிரித்தார். இரண்டாம் தடவை கோபப்பட்டார். அது கேஸ், பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வருவது, டிரைவர் இசக்கிமணிக்கும் இருக்கிறது, அவன்தான் குற்றாலத்தில் உப்புப் போட்ட லெமன் சோடா குடிக்கச் சொல்லிக் கொடுத்தான் என்றார். இசக்கிமணி ஓய்வு நாளில் குடிப்பவன் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பெயரை அவர் சொல்லியிருக்கவே கூடாது.

மேலகரத்துக்கு வெளியே வயல் ஓரத்தில் இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. பேச்சில் தீராத சங்கதியை அங்கே கொண்டுபோய்ச் சூடம் அணைத்துத் தீர்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் யாரும் எதிர்ப்பேச்சுப் பேசக் கூடாது. பொய்ச் சத்தியமாக இருந்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள். ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் ஆனந்தவள்ளி அவரை அங்கே கூட்டிப்போனாள். தங்கத்தாயும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். வெற்றிலையில் சூடம் எரிந்தது. முத்துச்செல்வம் தயங்கவே இல்லை. கையை ஓங்கி, "எம் புள்ள மேல ஆணையா..." என்று ஆரம்பித்தார்.

ஆனந்தவள்ளி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "புள்ளைய இழுக்காதீங்க. உங்க வாயைச் சொல்லிச் சத்தியம் பண்ணுங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே சொன்னார். "நான் குடிச்சிருந்தா இந்த வாயை அம்மை எடுத்துக்கிடட்டும்."

சூடம் அணைந்தது. கையில் கருப்பு ஒட்டியிருந்தது. தங்கத்தாய் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள். போகிற வழியில் அவள் ஆனந்தவள்ளியிடம், "எந் தம்பியக் கொண்டுவந்து இங்கன நிறுத்திட்டயே தாயி" என்று மட்டும் சொன்னாள்.

சத்தியத்துக்குப் பிறகு மூன்று வாரம் வீடு நன்றாக இருந்தது. நாலாவது வாரம் ஒரு காலையில் மறுபடியும் அந்த வாடை வந்தது. இந்தத் தடவை ஆனந்தவள்ளிக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. குடித்தவர் என்பது போய், அம்மன் முன்னால் பொய் சொன்னவர் என்றாகிவிட்டார். அபிக்குக் காய்ச்சல் வந்தால் அந்தச் சத்தியம்தான் என்று நினைத்தாள். வீட்டில் எது கெட்டுப்போனாலும் அதுதான் என்று நினைத்தாள். அந்தக் கோயில் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். அவரோடு பேச்சு, சோறு வைக்கிற அளவுக்குச் சுருங்கிப்போனது. படுக்கையை அபியின் அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஒரு சீசனில் குற்றாலம் ரோட்டில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி ஓட்டுகிறவர்களை ஊதச் சொன்னதை அவள் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தாள். அதிலிருந்து அவளும் ஆரம்பித்தாள். அவர் வாசல்படியில் கால் வைக்கும்போது கையை நிலைக்கதவில் வைத்து மறித்து நிற்பாள். "ஊதுங்க." அவர் தலையைக் குனிந்து ஊதுவார். சில நாள் அவள் விலகி வழி விடுவாள். சில நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். முகம் சுளித்த நாட்களுக்கு அடுத்த நாட்களில் அவர் தெருக்குழாயில் இன்னும் கூட நேரம் நின்று தேய்த்தார். இத்தனைக்கும் அவர் ஒரு தடவைகூட ஊத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையும் அவள் குற்றம் உள்ளவனின் பணிவு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

சிரிப்பு எப்போது நின்றது என்று அவளால் இப்போது சொல்ல முடியவில்லை. பல் மஞ்சளடிக்க ஆரம்பித்ததைப் பார்த்தாள். முன்பல்லின் நுனி கண்ணாடி மாதிரி மெலிந்து, பின்னால் இருக்கும் நாக்கின் நிழல் தெரிகிற அளவுக்குப் போனதையும் பார்த்தாள். டீயை ஆற வைத்து ஆற வைத்துக் குடித்தார். ஐஸ் போட்ட சர்பத்தை அபி நீட்டினால் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். குடித்துக் குடித்துப் பல்லும் போகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். ஐந்தருவி போகிற விலக்கில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் வாயில் விசில் இருந்தது. மேல் முன்பல்லில் பாதி, வற்றல் உடைகிற மாதிரிச் சத்தமில்லாமல் உடைந்து விசிலோடு கையில் வந்துவிட்டது. அதை டிக்கெட் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று அவளிடம் பிரித்துக் காட்டினார். ஏன் காட்டினார் என்று அவள் பின்னாளில் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். வலிக்கிறது என்று சொல்ல வந்திருப்பார். வேறென்ன.

அவள் அந்தச் சில்லைப் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணின வாயில்லா. அம்மை பல்லுல இருந்து ஆரம்பிச்சிருக்கா."

அவர் தாளைத் திரும்ப மடித்தார். மடித்ததைச் சட்டைப்பையில், பல்பொடிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் அவளிடம் எது பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டால் வாயை மூடிக்கொண்டு பேசினார். பஸ்ஸில் விசில் ஊதுவதை விட்டுவிட்டு, படிக்கட்டுக் கம்பியைக் கையால் தட்டி நிறுத்தச் சொன்னார்.

போன வருஷம் அபி கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். அப்பா இட்லியைக்கூடக் கடைவாயில் ஒதுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவதைப் பார்த்துவிட்டு, தென்காசியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு நாள் கேட்டு வைத்துவிட்டாள். அம்மாவும் கூட வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஆனந்தவள்ளி போனாள். டாக்டரே கண்டுபிடித்துச் சொல்லட்டும், அப்போதாவது இந்த மனுஷர் ஒத்துக்கொள்கிறாரா பார்ப்போம் என்ற எண்ணமும் அவளுக்கு இருந்தது.

டாக்டர் பெர்சிஸ் சின்ன வயசுக்காரி. நாற்காலியில் அவரைச் சாய்த்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு மேலும் கீழும் திருப்பினார். பிறகு அவரை எழுப்பி உட்கார வைத்து, புளித்த தண்ணீர் வாய்க்கு வருமா, நெஞ்சு எரியுமா, படுத்தால் கூடுதலாக இருக்குமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். அடுத்து, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்.

முத்துச்செல்வம் டாக்டரைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தார். "இல்லம்மா. ஒரு நாளும் கெடையாது."

டாக்டர், இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். பதினோரு வருஷமாக அவள் வாங்க மறுத்த பதிலை, அரைமணி நேரத்துக்கு முன்னால் பார்த்த ஒருத்தர் வாங்கித் தாளில் எழுதிவிட்டார். ஆனந்தவள்ளிக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது.

எப்படிப் பல் தேய்ப்பீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அவர் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். எப்போதெல்லாம் என்று கேட்டார். புளித்த தண்ணீர் மேலே வந்த உடனே என்றார். டிரிப் முடிகிற இடத்தில் ஒரு தடவை, சாப்பிட்டால் ஒரு தடவை, எப்படியும் ஐந்தாறு தடவை ஆகிவிடும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுக்கு அண்ணாச்சி அவ்வளவு தடவை?"

"வாடை அடிக்கக் கூடாதுல்லா. வீட்டுக்குள்ள ஏறணும்லா."

டாக்டர் ஆனந்தவள்ளியைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவரை வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை மேல்பல்லுக்குப் பின்னால் பிடித்துக் காட்டினார். வெளியே இருந்து பார்க்கும்போது தெரிகிற பல் வேறு, இது வேறு. நாக்குப் பக்கம் முழுக்கக் குழிந்து, வழுவழுவென்று, உள்ளே இருக்கும் மஞ்சள் தெரிகிற அளவுக்குக் கரைந்திருந்தது. அருவிக்கு நேர் கீழே கிடக்கிற பாறை மாதிரி இருக்கிறதே என்று அவள் நினைத்தாள். மேலே இருந்து எதுவோ விழுந்து விழுந்து இப்படி ஆகியிருக்க வேண்டும்.

டாக்டர் சொன்னது அதற்கு நேர் எதிர். விழுந்தது மேலே இருந்து இல்லை, கீழே வயிற்றிலிருந்து வந்தது. வயிற்றில் ஊறுகிற அமிலம் உணவுக்குழாய் வழியாக ஏறி வாய்க்கு வருகிறது. வருவது தொண்டை வழியாக என்பதால் பல்லின் பின்பக்கத்தில்தான் முதலில் படும். வெறும் புளிப்பு தின்று கெட்ட பல்லாக இருந்தால் பெரும்பாலும் முன்பக்கம்தான் அடிவாங்கியிருக்கும். அந்த அமிலம் பட்டதும் பல்லின் மேல்தோடான எனாமல் கொஞ்ச நேரத்துக்கு இளகிப்போய் இருக்கும். எச்சில் ஊறி அது மறுபடி இறுகுவதற்கு அரைமணி, ஒருமணி நேரம் ஆகும்.

"பூசின சுவர் காயறதுக்குள்ள கரடு முரடாத் தேய்ச்சா என்ன ஆகும்மா? பூச்சு கையோட வந்திரும்லா. இவரு அதைத்தான் தினமும் ஆறு தடவை செஞ்சிருக்காரு. போதாததுக்கு எலுமிச்சம்பழம் வேற."

கொத்தனார் மகளுக்கு அது புரிந்தது. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் புளிச்ச வாடையும் இதனாலேயேதான் வருமா? டாக்டர், ஆமாம் என்றார். இரைப்பையில் இருந்து வருவதுதானே, ஓங்கரித்தால் வருகிற அதே வாடைதான் என்றார்.

போன எனாமல் போனதுதான், திரும்ப வளராது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று சொல்லி, உடைந்த பல்லை மட்டும் அடைத்துக் கட்டினார். புளித்த தண்ணீர் வந்தால் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு விட்டுவிட வேண்டும், உடனே பிரஷ்ஷைத் தொடக் கூடாது. பொட்டலத்தை டாக்டரே வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். வயிற்று டாக்டரைக் கட்டாயம் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். திருநெல்வேலியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் மேல்வாய் தளர்ந்திருக்கிறது, உணவுக்குழாயில் புண் இருக்கிறது என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த அந்த டாக்டர், ஈரல் நன்றாக இருக்கிறது என்று கேட்காமலேயே சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் முத்துச்செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து, இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்பார் என அவள் பயந்துகொண்டே வந்தாள். பாவூர்சத்திரம் தாண்டியது, தென்காசி வந்தது. அவர் கேட்கவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இரவுச் சாப்பாட்டை அவள் டிபன் கேரியரில் கட்டிக் கொடுக்க, பொழுது சாய்ந்ததுமே செங்கோட்டையில் சாப்பிட்டுக்கொண்டார். படுக்கும்போது தலைமாடு உயரமாக இருக்க வேண்டும் என்றதால், அவருடைய கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அவளே செங்கல் தேடி எடுத்து முட்டுக் கொடுத்தாள். கம்பெனியிலும் சொல்லி ஹால்ட் இல்லாத ரூட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் என்று நினைக்கிறாள். கூடத்தில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நூல் தீர்ந்து எடுக்கத் திரும்பியபோது பின்னால் அவர் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தீர்கள் என்று கேட்டாள். அரைமணி நேரம் ஆகிறது என்றார்.

அவர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக அவர் தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்குச் சொல்லிவிடுகிற மூக்கு, அரைமணி நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ரூட்டும் சாப்பாட்டு நேரமும் மாறியிருந்தன, ஒரு மாத்திரை சேர்ந்திருந்தது. இசக்கிமணியோடுதான் இன்னமும் டூட்டி. கையில் எடுத்த நூல் கட்டை உருண்டு போனதைக்கூட எடுக்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கும் வயிறுதான் அந்த வாடையைக் கொண்டுவந்தது, இவருக்கும் வயிறுதான். மூக்கு பொய் சொல்லவில்லை. அவள்தான் அதற்குக் குடி என்று பெயர் வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவள் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். அந்தப் பொட்டலத்தை எப்போதிருந்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். துண்டை வாயில் வைத்தபடியே அவர் சொன்னார். ரூட் மாறின புதிதில், டிக்கெட் கிழித்துக் கொடுக்கக் குனிந்தபோது கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாளாம். அன்றைக்கே கலந்துவிட்டாராம். "வெளிய உள்ளவளுக்கே அப்படின்னா, குடி வாடைய நினைச்சுப் பயந்துக்கிட்டு வந்தவ நீ, ஒனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சேன்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவளுக்கு வாடை அடிக்கக் கூடாது என்றுதான் தேய்த்திருக்கிறார். தேய்க்கிறார் என்பதற்காகத்தான் அவள் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவள் முகம் சுளித்த ஒவ்வொரு நாளும் அந்தப் பல்லில் ஒரு சுற்று போயிருக்கிறது.

அபியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ அப்பாவ ஊதச் சொல்லும்போதெல்லாம் நான் பாத்ரூமுக்குள்ள போயிக் கொழாயத் தெறந்துவிட்டுட்டு நிப்பேம்மா" என்றாள் அபி.

எந்த இடத்தில் அவரை நிறுத்தினாளோ அந்த இடத்தில், அதே ஆட்கள் முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று ஆனந்தவள்ளிக்குத் தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டாள்.

"ஒரு தடவை நின்னது போதும் வள்ளி" என்று சொல்லிவிட்டு அவர் டூட்டிக்குப் போய்விட்டார்.

தங்கத்தாயை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். தங்கத்தாயின் வீட்டுக்காரர் காலமாகி நாலு வருஷமாகியிருந்தது, அதே ஆட்கள் என்பதும் இனி நடக்காது. சூடத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு, இவர் சொன்ன சத்தியம் நிஜம், பழி என்னுடையது என்று சொன்னாள். சொல்லி முடித்துத் திரும்பி, "மதினி, நீங்களாவது என்னைய ரெண்டு வார்த்தை ஏசுங்க" என்றாள்.

தங்கத்தாய்க்கு இப்போது முட்டு வலி. படியில் உட்கார்ந்து சூடம் தானாக அணைகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மைக்கு அன்னைக்கே தெரியும். ஒனக்குத் தெரியத்தான் அவன் பல்லு வரைக்கும் போக வேண்டியதாப்போச்சு" என்றாள்.

சாயங்காலம் சாரல் விட்டிருந்தது. ஆனந்தவள்ளி வாசலில் நிலைக்கதவில் கை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். சொல்ல வேண்டியதைக் கோயிலிலிருந்து வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது சினிமாப் பேச்சு மாதிரி இருந்தது. தப்புப் பண்ணிட்டேன் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். தெருமுனையில் காக்கிச் சட்டை தெரிந்தது. குழாயடியைத் தாண்டும்போது அவர் கால் ஒரு நொடி நின்றது, பிறகு தேய்க்காமல் வந்தார். மாதக்கணக்காக அவள் அவரை ஊதச் சொல்லவில்லை, வாசலில் இப்படி நிற்கவும் இல்லை. கையை நிலையில் வைத்திருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

அவர் வந்தார். கீழ்ப்படியில் நின்று, அவளையும் அவள் கையையும் நிமிர்ந்து பார்த்தார். வாயிலிருந்து துண்டை எடுத்தார். தலையைக் குனிந்து, அவள் முகத்துக்கு நேராக மெதுவாக ஊதினார்.

ஒரு வாடையும் இல்லை. கொஞ்சம் டீ, கொஞ்சம் மழை ஈரம், அவ்வளவுதான். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஆனந்தவள்ளிக்கு வரவில்லை. அவர் துண்டை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டு, அவள் கையை எடுத்து வழி விடுவதற்காகப் படியிலேயே காத்துக்கொண்டு நின்றார்.